காலப்பயணியின் சாவு: உடலற்ற நாடகமும் கெடிலக்கரை மரபும்

அறிவியல் புனைவில் காலப்பயணி தன் சாவை எதிர்கொள்ளும் கட்டம் எழுத எளியது, நடிக்க அரியது. நேற்றைய அவனும் நாளைய அவனும் ஒரே வேளையில் உலவக்கூடிய கதையில், எந்த உடல் விழுந்தால் அவன் இறந்ததாகக் கொள்வது? மேடையும் திரையும் இக்கேள்விக்கு ஓர் உடலைக் கிடத்தியே விடை சொல்லியாக வேண்டும். ஒலிநாடகத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எனவே இக்கருவுக்கு இயல்பான வீடு ஒலிநாடகமே என்பதும், அதற்கு வேண்டிய மூலப்பொருள் தமிழில், குறிப்பாகக் கடலூர் முதல் சிதம்பரம் வரையிலான நிலப்பகுதியில், ஏற்கெனவே செறிந்து கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உலகறிந்த ஒரு சான்று. பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகர் ஒரு காலப்பயணி. சாகும் தறுவாயில் அவர் உடல் புதிதாக மாறிவிடும். நடிகர் மாறினாலும் பாத்திரம் தொடரும். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலகியபோது பிறந்த உத்தி இது. ஆறாவது டாக்டராக நடித்த காலின் பேக்கர் 1986இல் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மாற்றக் காட்சியில் மட்டும் வந்து நடிக்க அவர் இசையவில்லை. வேறு வழியின்றிப் புதிய நடிகர் சில்வெஸ்டர் மெக்காயின் தலையில் சுருள்முடி டோப்பாவை மாட்டி, அவரையே பழைய டாக்டராகத் தரையில் கிடத்தினார்கள். ஒரு நாயகரின் சாவு ஒரு டோப்பாவாகச் சுருங்கியது. நடிகரின் உடல் கிடைக்காவிட்டால் காட்சிக்கலைக்குச் சாவும் கிடைக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறொன்றை நான் அறியேன்.

அந்தச் சாவு முறையாக நிகழ 28 ஆண்டுகள் ஆயின. 1999 முதல் டாக்டர் ஹூ ஒலிநாடகங்களைத் தயாரித்துவரும் பிக் ஃபினிஷ் நிறுவனம் 2015இல் 'தி லாஸ்ட் அட்வென்ச்சர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. நான்கு நாடகங்கள், கடைசி நாடகத்தின் பெயர் 'தி பிரிங்க் ஆஃப் டெத்', சாவின் விளிம்பு. காலின் பேக்கரே பேசினார். அப்போது அவருக்கு வயது 72. திரையில் அவர் திரும்பியிருந்தால் நாற்பதைக் கடந்த டாக்டரை எழுபது வயது முகம் மறைத்திருக்கும். குரலுக்கு அந்தத் தடை மிகக் குறைவு. சற்றே கனத்திருக்கும், மூச்சு சற்று முந்தி வாங்கும்; ஆயினும் கேட்பவர் முதல் வாக்கியத்திலேயே ஆளை அடையாளம் கண்டுகொள்வார். இந்த நாடகத்தில் காலப்பயணி சாவால் வேட்டையாடப்படுபவராக மட்டும் இல்லை. தன் முடிவுக்குத் தானே இசைந்து வழிவிடுகிறார். மனத்துக்குள் எடுக்கும் அத்தகைய முடிவைக் காட்டக் காமிராவுக்கு முகபாவம் வேண்டும். மைக்குக்கு ஒரு தயக்கம் போதும்.

திரைப்படத்திலேயே இக்கருவை மிக ஆழமாகக் கையாண்ட படைப்பு, கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962), திரைப்படத்தின் இயக்கத்தையே கைவிட்ட படைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். 28 நிமிடப் படம். ஒரு கணம் தவிர முழுவதும் அசையாப் புகைப்படங்கள். கதையை நடத்துவது ஒரே ஒரு குரல். சிறுவயதில் விமான நிலையத்தில் தான் கண்ட சாவு தன்னுடையதே என்று காலப்பயணி கடைசியில் அறிகிறான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தக் கதை நிற்கும்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். கெடிலம் ஆறு திருவந்திபுரத்தைத் தொட்டுக்கொண்டு கடலூரை நோக்கி ஓடுகிறது. சில கிலோமீட்டர் கீழே திருப்பாதிரிப்புலியூர். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பாடிக்கொண்டே கரை சேர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் இடம் இதுதான். கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் ஊர்ப்பெயர் வழங்குகிறது. தெற்கே சிதம்பரத்தில், பாடலின் பொருளைக் கேட்டவர்களுக்கு நடராசரைச் சுட்டிக்காட்டிவிட்டு மாணிக்கவாசகர் மறைந்தார் என்பது வரலாறாகப் போற்றப்படும் மரபு. அதே ஊரில் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்து, சபைக்குள் சென்று காணாமற்போனார். வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பத்தில் 1874 சனவரி 30 அன்று வள்ளலார் அறைக்குள் சென்று கதவை அடைக்கச் செய்தார். பின்னர் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்பர்.

இவற்றின் சமய உண்மையை இங்கே ஆராயவில்லை. நந்தனாரின் தீயைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லாமல் கடக்க முடியாது: பிறப்பைக் காரணம் காட்டி ஒரு மனிதரிடம் கேட்கப்பட்ட விலை அது, அதன் கொடுமையைப் பக்தி மறைத்துவிடக் கூடாது. என் கவனம் கதையாக்க முறையில் இருக்கிறது. இந்தக் கதைகள் எதிலும் பிணம் கிடையாது. அப்பரிடம் உடல் மூழ்க வேண்டிய இடத்தில் குரல் மிதக்கிறது. மற்ற மூவரிடமும் ஆள் பார்வையிலிருந்து அகல்கிறார். சொன்னதும் பாடியதும் நிற்கின்றன. மேடையில் இதைக் காட்டப் புகைமூட்டமும் பொறிக்கதவும் தேவைப்படும். 'மறைந்தார்' என்று படுதா விழும்போது பக்கத்தட்டியின் பின்னால் நடிகர் நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஒலியில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால் அவர் எங்கும் இல்லை. மறைதல் என்பது ஒலிநாடகத்துக்கு உத்தியே அல்ல, அதன் இயற்கை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும்: புராணத்தையெல்லாம் அறிவியல் புனைவு என்று பட்டம் கட்டுகிறீரா? இல்லை. அந்தப் பழக்கம் புராணத்துக்கும் நல்லதன்று, அறிவியலுக்கும் நல்லதன்று. பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதியோடு பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. இதைக் காலப்பயணத்தின் முன்னோடி என்று மேற்கோள் காட்டுவோர் பலர். ஆனால் ககுத்மிக்கு இழப்பு மற்றவர்களின் சாவில்தான். தன் சாவு அவன்முன் வந்து நிற்பதில்லை. விதிக்கும் மீறலுக்கும் இடையே என்ன விலை என்று கேட்பது அறிவியல் புனைவின் வேலை. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டவர் கெடிலக்கரையிலேயே பிறந்தார். அவருக்குச் செல்லும் வழியில் ஒருவரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

திருவந்திபுரத்தில் ஔஷதகிரியின் மேல் ஹயக்ரீவர், கீழே தேவநாதப் பெருமாள். இங்கே நெடுங்காலம் வாழ்ந்து தேவநாயக பஞ்சாசத்தும் பிராகிருதத்தில் அச்யுத சதகமும் பாடியவர் வேதாந்த தேசிகர். 14ஆம் நூற்றாண்டில் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியபோது, சுதர்சன சூரி தம் இரு பிள்ளைகளையும் ச்ருதப்பிரகாசிகை என்ற உரைநூலின் ஓலைகளையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் இரவு முழுதும் பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்து அவற்றைக் காத்தார் என்று குருபரம்பரை கூறும். அந்த உரையோ, நடாதூர் அம்மாளின் காலட்சேபத்தில் சுதர்சன சூரி காதால் கேட்டதை வைத்து எழுதப்பட்டது. ஓர் ஆசிரியரின் பேச்சு, பேசியவரையும் எழுதியவரையும் கடந்து இன்னொரு காலத்துக்குப் போக வேண்டியிருந்தது. போவதற்கு ஒரு மனிதர் இறந்தவராக நடிக்க நேர்ந்தது. இதில் அற்புதம் எதுவும் இல்லை. அதனால்தான் இது என்னை உலுக்குகிறது. தேசிகரின் சங்கற்ப சூர்யோதயம் என்ற நாடகத்திலும் விவேகன், மகாமோகன் முதலிய பாத்திரங்கள் மனத்தின் குணங்கள். உடலற்றவர்களின் நாடகம் இவ்வூரோடு உறவுள்ள ஒருவர் கையில் முன்பே உருவாகியிருக்கிறது.

அறிவியல் புனைவின் கேள்வியைத் தமிழில் கேட்டவர் என்று நான் குறித்த புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அவரைத் திருநெல்வேலிக்காரராக மட்டும் எண்ணுவது வழக்கம்; மொழி அங்கிருந்து வந்ததால் அது நியாயமே. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் அவரே. பிணத்துண்டுகளில் உயிரூட்டும் அந்தக் கதையைத் தமிழாக்கியவர், 'காலனும் கிழவியும்' கதையில் எமனை ஒரு கிழவியின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். மருதாயி என்ற அந்தக் கிழவி எமனை வழிபடவும் இல்லை, அஞ்சவும் இல்லை. வாசலுக்கு வந்த வேற்றாளிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். உயிரை எடுத்துப்போகலாம், உடலையும் சேர்த்துத் தூக்கிப்போக உன்னால் ஆகுமா என்று கேட்கிறாள். ஒன்றை இன்னொன்றாக மாற்றலாமே தவிர இல்லாமலாக்க முடியாது என்பது அவள் வாதம். எமன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

பொருளின் அழியாமை என்று பள்ளியில் படிக்கும் விதியை ஒரு கிழவி சாவின் முகத்தில் வீசுகிறாள். தவமோ வரமோ அவளிடம் இல்லை. விதியை அறிந்து அதை வைத்தே வாதாடுகிறாள். அறிவியல் புனைவுக்கு நான் கேட்கும் இலக்கணம் முழுதும் இதில் அடங்குகிறது. காலப்பயணி யார் என்று கேட்டால், இக்கதையில் யுகங்கள்தோறும் வந்துபோகும் எமனே பயணி. பயணிக்குத் தன் எல்லை தெரியவருவதுதான் கதை. மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடையூரில் சிவன் காலனை உதைத்தார். மருதாயிக்கு உதைப்பதற்கு ஆள் தேவைப்படவில்லை.

1948ஐச் சேர்ந்த 'கயிற்றரவு' இன்னும் கடினமான கதை. பரமசிவம் பிள்ளை என்ற மனிதரின் வாழ்வு முழுதும் ஒரு கணத்துக்குள் சுழல்கிறது. நினைப்பவன் இல்லையேல் காலமும் இல்லை என்ற எண்ணம் அதன் அச்சு. அவ்வாண்டு ஜூன் 30 அன்று காசநோயால் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் இறந்தார், 42 வயதில். அவர் நோயைக் கதைக்கு உரையாக்க நான் விரும்பவில்லை. எந்திரம் எதுவுமின்றிக் காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு மனத்தைத் தமிழ் உரைநடை அன்றே படைத்துவிட்டது என்பதே நான் குறிக்க விரும்புவது.

இவை ஒலியில் எப்படி நிற்கும்? 'காலனும் கிழவியும்' கதையை எடுத்துக்கொள்வோம். எமன் என்றவுடன் எதிரொலி சேர்த்து, குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்குவது ஒலிப்பதிவுக்கூடங்களின் கைப்பழக்கம். இங்கே அது கதையைக் கெடுத்துவிடும். எதிரொலி பெரிய இடத்தின் அடையாளம். இந்த எமனோ ஒரு குடிசை வாசலில் சங்கடப்பட்டு நிற்பவன். அவனை மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி, உலர்ந்த குரலில் பேசவிட வேண்டும். கிழவி மைக்குக்கு மிக அருகில் இருக்கட்டும். சிற்றுரலில் பாக்கு இடிபடும் ஓசையை அவளுக்கு வைக்கலாம். அவள் பேசும்போதும் எமன் பேசும்போதும் அது ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவே ஓரிடத்தில் அது நின்றுபோனால், எந்த வசனமும் இல்லாமலேயே கேட்பவருக்குத் திக்கென்றிருக்கும். மீண்டும் உலக்கை விழும்போது, யார் வென்றார் என்பதை எமன் அறிவதற்கு முன் நாம் அறிந்துகொள்வோம். திரையில் இந்த நிறுத்தத்துக்குப் பயன் குறைவு. அவள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

காலத் தாவல்கள் காதைக் குழப்பும் என்று அஞ்சுவோருக்கு நந்தனார் சரித்திரமே விடை. கோபாலகிருஷ்ண பாரதியின் அந்தக் கதாகாலட்சேபத்தில் நந்தனாரும், சேக்கிழாரிடம் இல்லாத வேதியரும், ஊர்ப் பெரியவர்களும் ஒரே பாகவதரின் தொண்டையிலிருந்து வந்தார்கள். ஆள் மாறியதைப் பேச்சு காட்டியது, பொழுது மாறியதை ராகம் காட்டியது. விருத்தம் தொடங்கினால் கதை நின்று மனம் பேசுகிறது என்று எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்தார்கள். அந்தச் செவிப்பயிற்சியை வானொலி வாரிசாகப் பெற்றது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி 1939இலும் தொடங்கின. கடலூருக்கு மிக அண்மையான புதுச்சேரி நிலையம் 1967இல் வந்தது. லண்டன் தமிழோசையிலும் இலங்கை வானொலியிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதினார். பிற்காலத்தில் ஞாயிறுதோறும் வந்த ஒலிச்சித்திரம், திரைப்படத்தின் ஒலித்தடத்தை ஒரு மணி நேரத்துக்கு வெட்டித் தந்தது. வீடுதோறும் அதை விரும்பிக் கேட்டோம். ஆனால் கண்ணுக்காக எழுதிய வசனத்தைக் காது பழகிக்கொண்டதில், காதுக்கென்றே எழுதும் கலை பின்தங்கியது என்பது என் துணிபு. தமிழில் அறிவியல் ஒலிநாடகம் வேர்பிடிக்காததற்குக் கற்பனை வறட்சியைவிட இதுவே பெரிய காரணம்.

நடைமுறையில் ஒரே ஒரு சிக்கலைக் காண்கிறேன். மருதாயியின் பேச்சு நெல்லைப் பேச்சு. கடலூர் வட்டார நாவால் அதைச் சொன்னால் வாதத்தின் காரம் இறங்கிவிடும். நாடகமேடைத் தமிழாக்கினால் அவள் செத்தே போவாள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த, வயது முதிர்ந்த ஒரு பெண்குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும். உரிமைத் தடை எதுவும் இல்லை: தமிழக அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமையாக்கிவிட்டது, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்ற சட்டக் கெடுவும் 2008ஆம் ஆண்டோடு முடிந்தது. இரண்டு குரல்கள், ஒரு சிற்றுரல், எருமையின் கழுத்துமணி, அரை மணி நேர ஒலிபரப்பு நேரம். புதுச்சேரி நிலையமோ அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களோ இதைத் தொடங்கலாம்.