ஐயனார் காத்த விதைகள்

1968 பிப்ரவரி 28. ஆரோவில் நகரின் தொடக்க விழாவுக்கு 124 நாடுகளின் மண் வந்து சேர்ந்தது. உள்ளூர் மண்ணோ ஒவ்வொரு மழைக்கும் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. புதுச்சேரிக்கு வடக்கே உள்ள அந்தச் செம்மண் மேட்டில் காடு அழிந்து வெகுகாலமாகியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டை அறுத்துக்கொண்டு இறங்க, கடல் சிவந்தது.

குடியேறியவர்கள் வரப்பு போட்டார்கள். ஆடுமாடு நுழையாமல் வேலி அடைத்தார்கள். பிறகு, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டார்கள். அங்கே அதற்கு ‘வொர்க்’ மரம் என்று பெயர். பெயருக்கேற்ப உழைத்து நிழல் கொடுத்தது, சருகால் மண்ணை மூடியது. நட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கரையின் சொந்தக் காடு வேறு. விசாகப்பட்டினம் முதல் ராமநாதபுரம் வரை கடலோரமாகப் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடு அது. நீண்ட கோடையிலும் பச்சை மாறாதது. வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, திருமாலின் நிறத்துக்கு உவமையான காயா எல்லாம் அதன் பிள்ளைகள். அது மிஞ்சியது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றில் ஒன்று. சாமி காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு, எழுதிய சட்டங்களைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

ஆரோவிலில் 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டுக்கு இத்தகைய மிச்சக் காடுகளே விதை கொடுத்தன. இந்த மரங்கள் பலவற்றின் பழம் சதைப்பற்றுள்ளது. கொண்டைக்குருவி தின்றுவிட்டு எச்சமிட்ட இடத்தில் அடுத்த கன்று முளைக்கும். நடவு வேலையில் பாதியைப் பறவைகளே ஏற்றுக்கொண்டன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. வொர்க் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

அதே ஆண்டு ஜனவரியில் சென்னையில் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகம் அது. சீரமைப்பில் பங்கெடுத்தது பிச்சாண்டிக்குளம் குழு.

நாட்டுச் செடி வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டுமென்பதில்லை. வேலியோரம் ஓர் எருக்கு இருந்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட வரும். ஈசுவரமூலிக் கொடிக்குச் சிவப்புடல் அழகி வரும். கொல்லைக் கறிவேப்பிலையைப் புழு அரித்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். அது கறிவேப்பிலை அழகியின் புழுவாக இருக்கலாம். ரசத்துக்கு நான்கு இலை மிச்சமிருந்தால் போதாதா?