அக்ரோவும் அடிநீரும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ‘அக்ரோ’ (எதிரியின் சினம் நம்மேல் திரும்புவது) என்பதும், நெய்வேலிச் சுரங்கத்தார் அடிநீர் அழுத்தம் என்பதும் ஒரே சாதி ஆபத்து. சும்மா இருந்தால் இரண்டும் ஒன்றும் செய்யாது. வேலையில் இறங்கினால்தான் நம் பக்கம் திரும்பும்.

ஆட்டத்தை முதலில் பார்ப்போம். 2004-ல் வந்த அதன் பழைய வடிவில், பாஸ் எனும் பெரிய எதிரி கண்ணில் பட்டவரையெல்லாம் அடிப்பதில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஒரு புள்ளி சேதம் விளைவித்தால் ஒரு புள்ளி அச்சுறுத்தல் ஏறும். ஹீலருக்கு, ஆற்றிய காயத்தில் பாதிதான் ஏறும். அதையும் சண்டையிலுள்ள எதிரிகள் அத்தனையும் பங்கு போட்டுக்கொள்ளும். அடி வாங்கவே நிற்கும் டேங்கை நீங்கள் முந்தினாலும் பாஸ் உடனே திரும்பாது. பக்கத்தில் நிற்பவர் டேங்கின் கணக்கில் 110 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். எட்ட நின்று தாக்குபவர் 130-ஐ. கூட்டமாகப் பாஸை எதிர்க்கும் ரெய்டின் சாமர்த்தியமெல்லாம் இந்தச் சின்ன இடைவெளியில்தான். வேகமாக அடித்தால் பாஸ் சீக்கிரம் சாகும். கொஞ்சம் மிஞ்சினால் அதற்கு முன் நாம் சாவோம்.

இனி நெய்வேலி. கடலூர்ச் சாலையில் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் கடந்தால் வருவது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிறது. மேலுள்ள மண்ணின் பாரம்தான் அதற்கு மூடி. மண்ணை அள்ள அள்ள மூடி லேசாகும். விட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பொங்கும். அதனால் நிலக்கரியை வெட்டுமுன், ஆழ்துளைக் கிணறுகளால் நீரை இறைத்து அழுத்தத்தைப் படுகைக்கும் கீழே இறக்கியாக வேண்டும். 1961-ல் முதல் நிலக்கரி கண்ணில் பட்டதே இப்படி இறைத்த பிறகுதான்.

குறைக்கும் வழிகளில்தான் இரண்டும் பிரிகின்றன. அந்தப் பழைய ஆட்டத்தில் ஹன்ட்டர் வகை ஆட்டக்காரர் செத்ததுபோல் விழுந்து கிடந்தால் (அந்த வித்தை பலித்தால்) அவர் கணக்கு அடியோடு அழிந்துவிடும். சுரங்கத்தில் இதற்கு இணையே இல்லை. நிலத்தடி நீரிடம் செத்த வேஷம் எடுபடாது. பாலடினின் ஓர் ஆசி, இனிமேல் ஏறப்போவதில் 30 விழுக்காட்டைக் குறைக்கும்; ஏற்கெனவே ஏறியதைத் தொடாது. ப்ரீஸ்ட்டின் ‘ஃபேட்’தான் நெய்வேலிக்கு நெருங்கிய உறவு. பத்து வினாடிக்கு அச்சுறுத்தல் இறங்கும். நேரம் முடிந்ததும் இறங்கியது அப்படியே திரும்பி வரும். அந்தப் பத்து வினாடி டேங்க் முந்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான். பம்புகளும் அழுத்தத்தை ஒழிப்பதில்லை, பிடித்து வைத்திருக்கின்றன. நிறுத்தினால் நீர் ஏறும். ஆகவே ராப்பகலாக ஓடுகின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவது வழி. 2007-ல் வந்த விரிவாக்கத்தில் ஹன்ட்டருக்கு ‘மிஸ்டைரக்‌ஷன்’ கிடைத்தது: அடிப்பது அவர், அச்சுறுத்தல் ஏறுவது அவர் காட்டும் இன்னொருவர் பெயரில். பெரும்பாலும் டேங்கைத்தான் காட்டுவார்கள். டேங்கிடம் கேடயமும் கவசமும் உண்டு; வாங்கிக்கொள்வதற்கென்றே வந்தவர் அவர். நெய்வேலியில் அப்படிக் காட்டப்பட்டவர் யார்? இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்குப் பயன்படுகிறது, சென்னைக்குக் குடிநீராகவும் போயிருக்கிறது. ஆனால் தங்கள் கிணறுகளில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் புகார். அதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, ஆயிரக்கணக்கான பாசனப் போர்வெல்களின் பங்கு எவ்வளவு என்று வாதாடலாம். எப்படிப் பிரித்தாலும் அங்குள்ள முந்திரிக்கொல்லைக்காரர் டேங்க் வேலைக்குப் பெயர் கொடுத்தவரல்ல.

ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அச்சுறுத்தலைக் காப்பது பெரும் சுமை என்று 2011-ல் தோன்றியதும், டேங்குகளின் அச்சுறுத்தல் பெருக்கத்தை மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்காக ஏற்றிவிட்டார்கள். ஓர் எண்ணை மாற்றினார்கள், பிரச்சினை அநேகமாகத் தீர்ந்தது. மணற்கல்லில் அப்படி மாற்ற எண் ஏதும் இல்லை.

கணக்கு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் ஒரு வித்தியாசம். தொடக்கத்தில் வார்கிராஃப்ட் இதை ஆடுபவர்களுக்குக் காட்டவில்லை. அவர்களே ‘ஓமன்’ போன்ற ஆட்-ஆன்களை எழுதி, யார் எத்தனை விழுக்காட்டில் நிற்கிறார் என்று திரையில் ஓடவிட்டார்கள். குள்ளஞ்சாவடிப் பக்கம் அந்த மீட்டர், போர்வெல் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் அடிக்கணக்கு. அதற்கும் அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தாக வேண்டும்.