வாரியம் இல்லாத வேலை

மாகறல் தலபுராணத்தில் ஒரு பலாமரம் எரிகிறது. நாளுக்கு ஒரு பழம் தந்த மரம். பழத்தைத் தில்லைக்குச் சுமந்துபோய் நடராஜருக்குப் படைக்க வேண்டும் என்பது ராஜேந்திர சோழனின் கட்டளை; ஊரார் முறைவைத்துச் சுமந்தார்கள். சுமை பொறுக்காத ஒரு பையன் மரத்தைக் கொளுத்திவிட்டான். அவனைத் தண்டித்துவிட்டுத் திரும்பும் அரசன் வழியில் பொன் உடும்பைக் காண்கிறான், உடும்பு புற்றில் மறைகிறது, லிங்கம் வெளிப்படுகிறது. பக்தர்களுக்கு உடும்பு முக்கியம். எனக்குப் பையன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிய ஊர். அது தன் சாமியின் கதையை ஒரு கட்டாயச் சுமையின் கதையோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட கூலியில்லா உழைப்புக்கு வெட்டி என்று பெயர். குழி வெட்டுவதால் வெட்டியான் என்று சொல்வதுண்டு. இந்தப் பழைய வெட்டியிலிருந்து வந்த பெயர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிற்காலத் தமிழில் வெட்டிவேலை என்றால் பயனற்ற வேலை. கூலி கொடுக்காமல் வாங்கிக்கொண்ட வேலையைப் பயனற்றது என்று சொல்லவும் நம் பாஷைக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

எது பயனற்றது என்று பார்க்கலாம்.

ஒரு வீட்டில் சாவு விழுந்ததும் வீட்டுக்காரர்கள் செயலற்றுப்போகிறார்கள். அது அவர்கள் உரிமை. அந்த நேரத்தில் ஊரில் ஒருவர் மட்டும் கணக்குப் போட ஆரம்பிக்க வேண்டும். பெண் கொடுத்த ஊர் எவ்வளவு தூரம், சாவு சொல்லப்போகிற ஆள் நடந்து போய்ச் சேர எத்தனை நாழிகை, மகள் வண்டி கட்டிக்கொண்டு வந்துசேர எத்தனை நாழிகை, அதற்குள் பொழுது எங்கே நிற்கும். பாடைக்குப் பச்சை மூங்கிலும் கீற்றும் வெட்டியாக வேண்டும். வண்ணார் மாற்றுத் துணியோடும் நாவிதர் சங்கோடும் கத்தியோடும் அவரவர் நேரத்துக்கு வந்தாக வேண்டும். பறை முழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் வீடு தன் துக்கத்தோடு தனியாகிவிடும். இத்தனைக்கும் நடுவில், எவர் கண்ணிலும் படாமல், சுடுகாட்டில் அடுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் செய்யாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கரை ஈரம், விறகு ஈரம், வறட்டி ஈரம். எந்த வீட்டு எரவாணத்தில் காய்ந்த வறட்டி இருக்கும் என்பதும் அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்குவதிலேயே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. திறந்த சிதைக்கு 400, 500 கிலோ விறகு வேண்டும். மூட்டம் போடுவது வேறு: கீழே கொஞ்சம் விறகு, சுற்றிலும் மேலும் வறட்டி, அதன்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் சேற்றுப் பூச்சு, புகை போக அங்கங்கே துளை. சூடு வெளியே போகாமல் இரவெல்லாம் நின்று எரியும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் துளை விட வேண்டும். விறகு அரிதான ஏழை நாட்டின் உலை அது. செய்தவர் பெயர் இல்லை. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பாராமல் போக வேண்டும் என்பது சடங்கு. விடியும் வரை பார்த்துக்கொண்டே இருப்பது இவர் வேலை. மறுநாள் பால் தெளிக்க வருகிறவர்கள் கையில் எலும்பும் சாம்பலும் பதமாகக் கிடைக்க வேண்டும்.

பஞ்சாங்கம் இந்தக் கணக்கில் ஒரு பாதியை மட்டுமே பேசுகிறது. ராகுகாலம் கழிய வேண்டும், தனிஷ்டா பஞ்சமிக்கு அடைப்பு உண்டு, சனிப்பிணம் தனிப்போகாது, பாடையில் ஒரு கோழியைக் கட்டு. இவற்றைச் சொல்கிற நாவுக்கு நேரத்தின் அதிகாரம் வந்தது. சொன்ன நேரத்துக்குள் காரியம் நடந்தேறச் செய்த கைகளுக்கு வரவில்லை.

மாகறலுக்குத் தெற்கே உத்திரமேரூர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் நம் பள்ளிப் பாடப்புத்தகங்களின் பெருமை. குடவோலை, முப்பது குடும்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, சொந்த நிலம். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம், பொன்னின் மாற்றைக் கவனிக்க ஒரு வாரியம். சுடுகாட்டுக்கு இல்லை. கிழக்கே, செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேரும் திருமுக்கூடலில் வீரராஜேந்திரனின் கல்வெட்டு ஒரு மருத்துவமனையை வர்ணிக்கிறது. பதினைந்து படுக்கை, வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், மருந்தடும் பெண்கள், நாவிதர், தண்ணீர் வைப்பவர், அவரவர் ஊதியம், ஆண்டு முழுவதற்குமான மருந்துகளின் பெயர்கள். பதினோராம் நூற்றாண்டில் இவ்வளவு ஒழுங்கு. பதினைந்து படுக்கையில் ஒருவராவது செத்திருக்க மாட்டாரா? அந்தப் பணியாளர் வரிசையில் பிணம் எடுப்பவர் இல்லை.

சுடுகாடு கல்வெட்டில் வராமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் நிலக் கணக்கில், வரி நீங்கிய நிலமாக, கோயில், குளம், ஊடறுத்துப்போன வாய்க்கால், பறைச்சேரி ஆகியவற்றோடு சுடுகாடும் எழுதப்பட்டிருக்கிறது. சில ஊர்களில் இரண்டு: வெள்ளான் சுடுகாடு, பறைச் சுடுகாடு. நிலம் அளக்கப்பட்டது, ஜாதி அளக்கப்பட்டது, உழைப்பு அளக்கப்படவில்லை.

உழைப்பைக் கணக்கில் பார்க்க வெள்ளைக்காரன் வர வேண்டியிருந்தது. அவனும் வருமானத்துக்காகத்தான் பார்த்தான். 1763இல் செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனி கைக்கு வந்தபின் தாமஸ் பர்னார்ட் என்ற எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை கிராமம் கிராமமாகக் கணக்கு எடுத்தார். களத்துமேட்டில் நெல் அம்பாரத்தை அரசும் மிராசுதாரும் பங்கிட்டுக்கொள்வதற்கு முன்பே தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கழிந்தது. சமீப காலத்தில் தரம்பாலும் அவரைப் பின்பற்றியவர்களும் இந்தக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு பழைய கிராமத்தின் நிறைவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பங்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பங்கு பாசன மடை திறப்பது, களத்தைக் காவல் காப்பது, ஓலை கொண்டு ஓடுவது, பிணம் எரிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து. எந்த மணி நேரமும் அவருடையது இல்லை என்பதற்கான விலை அது. நிறைவு என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1895இன் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் முன்சீப், கர்ணத்தோடு தலையாரி, வெட்டி ஆகியோரையும் உத்தியோக வரிசையில் சேர்த்தது. சேர்த்தது ரெவின்யூ சிப்பந்தியாக. தண்டோரா போடலாம், தாசில்தார் வந்தால் உடன் நடக்கலாம். சாவு வேலை சட்டத்துக்கு வெளியே வழக்கமாகவே நின்றது, வழக்கம் என்பதால் மறுக்கவும் முடியாததாக. 1980 நவம்பரில் கர்ணமும் முன்சீப்பும் ஒரே அவசரச் சட்டத்தில் போனார்கள். 1995இல் தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் ஆனார்கள். புதிய பெயரில் இழிவு இல்லை, நல்லது. பழைய வேலைக்கு அதிலும் இடம் இல்லை.

காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயில் வளாகத்துக்குள்ளேயே கச்சி மயானம் என்று ஒரு சிவன் சன்னிதி இருக்கிறது. மயானத்தைக் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட முடிந்த நகரம். மயானத்தில் வேலை செய்தவர் அதே கோயிலுக்குள் வர 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் தேவைப்பட்டது.

ஐரோப்பாவில் நடந்தது நேர் எதிர். அங்கே நெருப்பு இல்லை, ஸ்தாபனம் இருந்தது. 1873 வியன்னாக் கண்காட்சியில் புருனெட்டி என்ற இத்தாலியப் பேராசிரியர் தன் உலையின் மாதிரியை வைத்தார், அதைப் பார்த்த ஹென்றி தாம்ஸன் என்ற ஆங்கில மருத்துவர் 1874இல் தகனத்துக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார், 1885 மார்ச்சில் வோக்கிங்கில் முதல் உடல் எரிந்தது, 1902இல் சட்டம். சங்கம் முதலில், நெருப்பு அப்புறம். எந்தப் படிவத்தை யார் நிரப்ப வேண்டும், எந்த மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் உலை சூடாகும்போதே முடிவாகிக்கொண்டிருந்தது. நம்மிடம் இரண்டாயிரம் வருஷ நெருப்பு இருந்தது. படிவம் இல்லை; ஒரு ஆள் இருந்தார்.

அவருடைய வேலையைப் பின்னால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். சாவு சொல்வதைத் தந்தி எடுத்துக்கொண்டது; தந்திச் சேவகன் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் அழ ஆரம்பித்த காலம் ஒன்று உண்டு. 2013 ஜூலையில் தந்தியும் செத்தது. மகள் வரும்வரை காக்கும் கவலையை ஃப்ரீசர் பாக்ஸ் தீர்த்தது. தூக்குவதை அமரர் ஊர்தி எடுத்துக்கொண்டது. மூட்டம் இரவெல்லாம் செய்ததை எரிவாயுத் தகன மேடை ஒன்றரை மணி நேரத்தில் செய்கிறது. பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாள். வீட்டுக்காரர்கள் இப்போது டாக்டர் சான்று, அடையாள அட்டை, தகன மேடையில் கிடைக்கிற நேரம் என்று தாங்களே அலைய வேண்டும். ஊரில் கணக்குப் போட ஆள் இல்லை. ராகுகாலத்தோடு மேடை மூடும் நேரத்தையும் பார்க்கிறார்கள். தறியில் பாவு பாதியில் நிற்கிற நெசவாளி வீட்டில் இந்த அலைச்சலுக்கும் ஒரு விலை இருக்கிறது.

யந்திரம் எல்லாவற்றையும் நேரப்படி நடத்திவிடும் என்ற நம்பிக்கை 2021இல் கலைந்தது. அந்த ஏப்ரலில் சூரத்தில் ஓயாமல் எரிந்த உலைகளின் இரும்புச் சட்டங்கள் உருகின. மே மாதம் நம் நகரங்களின் தகன மேடைகளுக்கு வெளியே ஊர்திகள் வரிசை கட்டி நின்றன. அப்போது பத்திரிகைகள் முதல் தடவையாக உள்ளே இருந்தவரைத் தேடிப்போய்ப் படம் எடுத்தன. எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

உலை, ஊர்தி, படிவம் எல்லாம் தயாராக இருந்தும் பிணம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்க இன்னொரு காரணம் உண்டு. பாதை. பொதுச் சுடுகாட்டை ஒருவருக்கு மறுப்பது 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டப்படியே குற்றம். மயானம் அமைத்துத் தருவது 1994இன் ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சியின் கடமை. 2019 ஆகஸ்டில், காஞ்சிக்கு வருகிற அதே பாலாற்றின் மேல்பகுதியில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், கரைக்குப் போகும் வழி ஜாதிக்காரர்களின் நிலத்தில் அடைபட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் நாடெங்கும் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதிகாரிகள் அரை ஏக்கர் நிலம் ஒதுக்கினார்கள், தலித்துகளுக்குத் தனிச் சுடுகாடாக. தனியாக ஏன் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.