முற்றாத கோயிலும் சிதைந்த கோயிலும்: சோட்ரிங் ஓவியம் குறித்து

டென்மார்க்கு ஓவியர் பிரெடெரிக் சோட்ரிங் (1809–1862) 1835ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று கோப்பன்ஹேகனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. முற்றுப்பெறாத பிரெடெரிக் தேவாலயத்தின் இடிபாடுகளோடு கூடிய சலவைக்கல் சதுக்கம் என்பது அதன் தலைப்பு. இத்தலைப்பிலேயே ஒரு முரண் உண்டு. எழுந்து நின்ற ஒன்றுதான் இடிபாடு ஆகும். இத்தேவாலயமோ எழுந்து முடிந்ததே இல்லை. முற்றாத கோபுரத்தைத் தமிழில் மொட்டைக் கோபுரம் என்பர். அச்சொல் குறையைச் சுட்டுமேயன்றி அழிவைச் சுட்டாது. குறையும் அழிவும் ஒன்றாகத் தோன்றும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஓல்டன்பர்க் அரசமரபு அரியணை ஏறிய முந்நூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1749 அக்டோபரில் ஐந்தாம் பிரெடெரிக் மன்னர் இத்தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். முதல் கட்டடக் கலைஞர் ஐக்ட்வெட் 1754இல் இறந்தார். பின்னர்ப் பிரெஞ்சுக்காரரான ழார்தேன் பொறுப்பேற்றார். கட்டடம் முழுவதும் நார்வே நாட்டுச் சலவைக்கல்லால் அமைய வேண்டும் என்பது திட்டம். அக்காலத்தில் நார்வே டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆதலின் அக்கல்லே ஆட்சிப்பரப்பின் சான்றாக அமைந்தது எனலாம். மன்னர் 1766இல் மறைந்தார். அரச மருத்துவராயிருந்து அதிகாரத்தைக் கைக்கொண்ட ஸ்ட்ரூயன்சே, செலவு மிகுதி கருதி 1770இல் பணியை நிறுத்தினார். அதே நகர அச்சில், அமாலியன்போர்க் முற்றத்தில், மன்னரின் குதிரைவீரச் சிலை அடுத்த ஆண்டே திறந்துவைக்கப்பெற்றது என்பது கசப்பான பொருத்தம்.

சோட்ரிங் தூரிகை எடுத்தபோது அச்சுவர்கள் அறுபத்தைந்து ஆண்டுகளாக அப்படியே நின்றிருந்தன. இவ்வோவியத்தை இடிபாடுகளில் அழகு கண்ட புனைவியல் மரபின் ஒரு வெளிப்பாடாக மட்டும் கொள்வது எளிது. ஆனால் அது போதாது. உரோமாபுரியின் இடிபாடுகள் பிறருடைய பழமை. இங்கோ ஓவியர் காட்டுவது தம் நகரின் குடியிருப்புகளுக்கு நடுவே நின்ற, தம் அரசு கைவிட்ட வேலை. இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளையும் நோக்க வேண்டும். 1807இல் ஆங்கிலேயக் கடற்படையும் தரைப்படையும் கோப்பன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கின. 1813இல் அரசு நொடித்தது. 1814இல் கீல் உடன்படிக்கையால் நார்வே கைநழுவிற்று. ஆகவே 1835இல் அச்சுவரைக் கண்டவர் முன் நின்றது, இழந்த நாட்டின் கல்லால் ஆன, தொடர இயலாத சுவர். குறை அழிவாகத் தோன்றியதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

தமிழறிஞர்கள் டென்மார்க்கைப் பெரிதும் தரங்கம்பாடி வழியாகவே அறிவர். அங்குச் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் முற்றுப்பெற்றது. இம்மன்னரின் பாட்டனார் நான்காம் பிரெடெரிக்கின் பெயர்ப்பொறிப்பு அதன் முகப்பில் உள்ளது. பாட்டனார் பெயர் தாங்கிய சிற்றாலயம் கடல்கடந்த குடியேற்றத்தில் நிறைவெய்த, பேரன் பெயர் தாங்கிய பேராலயம் தலைநகரில் குறையாக நின்றது! தரங்கம்பாடியும் இவ்வோவியம் தோன்றிய பத்தாம் ஆண்டில், 1845இல், ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

தேவாலயம் பின்னர் நிறைவெய்திய வரலாறும் விற்பனையோடு தொடர்புடையதே. 1874இல் நிதியமைச்சர் கிரீகர் இடிபாட்டையும் சதுக்கத்தையும் டீட்கன் என்னும் பெருஞ்செல்வருக்கு விற்றார். தேவாலயத்தைக் கட்டி முடித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுற்றியுள்ள மனைகளைப் பிரித்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிட்டிற்று. இவ்விற்பனைக்காகக் கிரீகர் மீது அரசியல் வழக்குத் தொடரப்பட்டது. 1877இல் அவர் விடுவிக்கப்பட்டார். மெல்டால் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் பணி முடிந்து, 1894 ஆகஸ்டில் தேவாலயம் திறக்கப்பெற்றது. முழுவதும் சலவைக்கல் என்னும் பழைய திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதிக்குச் சுண்ணாம்புக்கல்லே பயன்பட்டது. ஆயினும் கோப்பன்ஹேகன் மக்கள் அதனைச் சலவைக்கல் தேவாலயம் என்றே இன்றும் வழங்குகின்றனர்.