மலருறுப்பு விவரிப்பு

ஒரு செடியின் பூவை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அவற்றின் எண்ணிக்கை, வடிவம், அமைவிடம், ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம் ஆகியவற்றை முறைப்படி குறித்து, அதைக் கொண்டு அச்செடியின் குடும்பம், பேரினம், சிற்றினம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது மலருறுப்பு விவரிப்பு எனப்படும். இது பூக்கும் தாவரங்களுக்கு மட்டுமே பொருந்தும். இலையின் அளவும் தண்டின் உயரமும் நிழல், நீர், மண் ஆகியவற்றுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். வறண்ட மேட்டில் சாண் உயரத்தில் பூத்துவிடும் செடி வாய்க்கால் கரையில் இடுப்பளவு வளரும். ஆனால் இரண்டிலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையும் சூலகப்பையின் அறைகளும் ஒன்றாகவே இருக்கும். வகைப்பாட்டியலார் பூவை நம்புவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

பூவை அடிப்படையாகக் கொண்டு செடிகளைப் பிரிக்கும் முயற்சி ஐரோப்பாவில் அழுத்தமாகத் தொடங்கியது பிரெஞ்சுத் தாவரவியலார் டூர்ன்ஃபோரின் காலத்தில். 1694இல் வெளியான தம் நூலில் அவர் ஏறத்தாழ 700 பேரினங்களை வரையறுத்து, அல்லிவட்டத்தின் வடிவத்தை வைத்து அவற்றை 22 வகுப்புகளில் அடுக்கினார். மணி வடிவம், புனல் வடிவம், சிலுவை வடிவம் என்று கண்ணுக்கு உடனே தெரிவதை அவர் பிடித்துக்கொண்டார். மகரந்தத்தாளைக் கழிவை வெளியேற்றும் உறுப்பாகவே கருதினார். தாவரங்களில் ஆண், பெண் உண்டு என்பதை ஏற்கவில்லை. அதே 1694இல் ஜெர்மனியில் கமராரியஸ், மகரந்தம் இல்லாவிட்டால் விதை பிடிக்காது என்பதைச் சோதனையால் காட்டி மடல் எழுதினார். 1717இல் பாரிஸ் அரச தோட்டத்தில் வையான் ஆற்றிய உரை இக்கருத்தைப் பரப்பியது.

சுவீடனின் லின்னேயஸ் இதைப் பற்றிக்கொண்டு 1735இல் தம் பாலியல் வகைப்பாட்டை வெளியிட்டார். தாவரங்கள் அனைத்தும் 24 வகுப்புகளாயின. ஒரு மகரந்தத்தாள் உடையது முதல் வகுப்பு, இரண்டு உடையது இரண்டாம் வகுப்பு என எண்ணிக்கையில் தொடங்கி, தாள்களின் நீளம், இணைவு, ஆண் பெண் பூக்கள் தனித்தனியே இருத்தல் என்று அது நீளும். பூவே இல்லாத பெரணியும் பாசியும் கடைசி வகுப்பில். வகுப்புக்குள் உட்பிரிவு பெரும்பாலும் சூலகத்தண்டுகளின் எண்ணிக்கையால் அமைந்தது. எண்ணத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தலாம் என்பதே இதன் வெற்றி. சீகெஸ்பெக் என்ற எதிர்ப்பாளர் இம்முறையை ஒழுக்கக்கேடு என்று சாடினார். லின்னேயஸ் பெயரிட்ட ஒரு களைச்செடிப் பேரினம் சீகெஸ்பெக்கின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது.

எண்ணிக்கை எளிது; உறவைக் காட்டாது என்பதே குறை. நெற்பூவில் ஆறு மகரந்தத்தாள்கள், கோதுமைப் பூவில் மூன்று. ஆகவே இரண்டும் புல்லே என்றாலும் லின்னேயஸ் முறையில் வெவ்வேறு வகுப்புகளில் விழுந்தன. சால்வியா, துளசியின் நெருங்கிய உறவு. ஆனால் இரண்டே மகரந்தத்தாள்கள் இருப்பதால் மல்லிகையோடு போய்ச் சேர்ந்தது. நான்கு தாள்களில் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை என்று இருக்கும் துளசி வேறிடத்தில் நின்றது. தம் முறை செயற்கையானது என்பதை லின்னேயஸ் அறிந்தே இருந்தார். 1737இல் வெளியான பேரின நூலில் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், கனி, விதை என்ற வரிசையில் ஒவ்வொரு பேரினத்தையும் அவர் விவரித்தார். வகுப்புகள் மறைந்துவிட்டன, அந்த வரிசை நிலைத்துவிட்டது. நிறத்தை நம்ப வேண்டாம் என்ற அவர் எச்சரிக்கையும் அப்படியே.

1789இல் ஜுஸ்ஸியூ, மகரந்தத்தாள்கள் சூலகப்பைக்குக் கீழேயா, சுற்றியா, மேலேயா பொருந்தியிருக்கின்றன என்பதை முதன்மையாக்கி, 100 குடும்பங்களை அமைத்தார். பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட நூல் இரு விதையிலைத் தாவரங்களை அல்லி இணையாதவை, அல்லி இணைந்தவை, ஒற்றைப் பூவிதழ் வட்டம் உடையவை என முப்பிரிவாக்கியது. இந்திய உலர்தாவரத் தொகுப்பகங்களில் மாதிரிகள் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே அடுக்கப்பட்டன. 1875, 1878 ஆண்டுகளில் ஐக்லர் இரு தொகுதிகளாகக் கொணர்ந்த மலர் வரைபடங்கள், மொட்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அமைப்பை வட்டங்களாகக் காட்டும் பழக்கத்தை நிலைநாட்டின.

தமிழகத்துக்கு இம்முறை தரங்கம்பாடி வழியாக வந்தது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் அங்கு வந்து, செடிகளை அம்முறையில் விவரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலையின் சிற்றினப் பெயர் அவரை நினைத்து லின்னேயஸ் இட்டது. 1776இல் வந்த ராட்லர் பாதிரியார் செடிகளைச் சேகரித்ததோடு தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட படத்தொகுப்பில் 2101 படங்கள் உள்ளன. ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் அவருக்காக வரைந்தனர். செடியின் ஒரு கிளையை வரைந்து, அதன் அடியில் பிளந்த பூ, மகரந்தப்பை, சூலகப்பையின் குறுக்குவெட்டு ஆகியவற்றைத் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டும் வழக்கத்தை அப்படங்களில் காணலாம். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை இட்டார். பிற்பாடு அது வேறு பேரினத்தில் கரைந்தது. 1915இல் கேம்பிள் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும், 1980களில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தொகுப்பகத்திலிருந்து மேத்யூ பாதிரியார் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடகப் பகுதியின் தாவர நூலும் தென்னாட்டில் செடி காண்போருக்கு முதன்மையானவை.

விவரிக்கும் முறை

வெளியிலிருந்து உள்ளே செல்வது மரபு. முதலில் பூவடிச் செதில், பிறகு புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், கடைசியில் சூலக வட்டம். மொட்டில் இதழ்கள் ஒன்றையொன்று தழுவும் விதமும், சூலகப்பையில் சூல்கள் ஒட்டியிருக்கும் விதமும் கட்டாயம் குறிக்கப்படும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், இரு ஊசிகள், ஒரு பிளேடு ஆகியவை போதும். காய்ந்த மாதிரியின் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் இதழ்கள் நெகிழ்ந்து பிரியும்.

பருத்திக் குடும்பம் இதைக் கற்க நல்ல இடம். இதில் மகரந்தத்தாள்கள் ஒன்றாகக் கூடிக் குழாயாகிச் சூலகத்தண்டைச் சூழும். மகரந்தப்பைக்கு ஓர் அறைதான். இத்தனையும் பொதுவாயிருக்க, பேரினங்களைப் பிரிப்பது புல்லிக்கு வெளியே நிற்கும் புறப்புல்லிவட்டம். செம்பருத்தியில் அது ஐந்து முதல் எட்டுக் குறுகிய செதில்கள். பருத்தியில் இலை போன்ற மூன்று பெரிய செதில்கள். பூவரசில் மூன்றே சிறு செதில்கள், அவையும் விரைவில் உதிரும். துத்தியில் கிடையாது. செம்பருத்தியின் சூலகத்தண்டு நுனியில் ஐந்தாகக் கிளைக்கும். பூவரசிலும் பருத்தியிலும் கிளைக்காது. வெண்டையும் ஒருகாலத்தில் செம்பருத்திப் பேரினத்தில்தான் இருந்தது. அதன் புல்லி ஒரு பக்கமாகக் கிழிந்து அல்லியோடு சேர்ந்தே விழுவதால் தனியாகப் பிரிக்கப்பட்டது.

அவரையினத்தில் அல்லியிதழ்களின் தழுவலே திறவுகோல். அவரைப் பூவில் மேலிருக்கும் கொடியிதழ் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும். ஒன்பது மகரந்தத்தாள்கள் கூடியும் ஒன்று தனித்தும் இருக்கும். கொன்றையில் அந்த மேலிதழே எல்லாவற்றுக்கும் உள்ளே. கருவேலத்தில் இதழ்கள் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்பதோடு சரி, மகரந்தத்தாள்கள் எண்ணிலடங்கா. சரக்கொன்றையும் ஆவாரையும் நெடுநாள் காசியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. சரக்கொன்றையின் மூன்று மகரந்தத்தாள்கள் நீண்டு வளைந்திருப்பதையும் அதன் பூக்காம்பில் சிறுசெதில்கள் இருப்பதையும் கொண்டு 1982இல் இரண்டும் பிரிக்கப்பட்டன; ஆவாரை சென்னா பேரினத்துக்குப் போனது. மஞ்சள் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பிரிவினை விளங்காது.

எருக்கில் மகரந்தத்தாள்களும் ஐங்கோணச் சூலகமுடியும் ஒட்டி ஒரே தூணாகிவிடும். மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. பொலினியம் எனப்படும் பைகளாக இரண்டிரண்டாக இணைந்து பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு வெளியேறும். அரளியில் மகரந்தம் பொடியாகவே இருக்கும். பால் வடிவதில் இரண்டும் ஒன்றானாலும் இந்த ஒரு பண்பே எருக்குக் குடும்பத்தைத் தனிக் குடும்பமாக்கப் போதுமானதாக முன்பு கருதப்பட்டது. எருக்கிலும் இரண்டு சிற்றினங்கள் உண்டு: அல்லிமடல்கள் விரிந்து பின்னோக்கி வளைபவை, நிமிர்ந்து நிற்பவை. முன்னதன் நிறம் ஊதா அல்லது வெண்மை. வீட்டு வாசலில் போற்றி வளர்க்கப்படும் வெள்ளெருக்கு வேறு சிற்றினம் அன்று.

செங்காந்தளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். ஆறு பூவிதழ்கள் பின்னோக்கி மடிந்திருக்க, சூலகத்தண்டு அடியிலேயே செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீளும். இதைப் பார்த்தபின் வேறொன்றோடு குழப்ப இயலாது.

ஏமாற்றும் பூக்கள்

பூ என்று எண்ணுவது பூவாக இல்லாமலும் போகலாம். அம்மான் பச்சரிசியும் கள்ளியும் அடங்கிய யூஃபோர்பியாவில் சிறு கிண்ணம் போன்ற உறை, அதற்குள் பல மகரந்தத்தாள்கள், நடுவே ஒரு சூலகம் என்று தோன்றும். லின்னேயஸ் இதை ஒரே பூவாக எண்ணி வகுப்பில் இட்டார். ஒவ்வொரு தாளிலும் நடுவே ஒரு கணு இருப்பதை ராபர்ட் பிரவுன் சுட்டிக்காட்டினார். கணுவுக்குக் கீழ்ப்பகுதி பூக்காம்பு; மேற்பகுதிதான் தாள். ஆகவே ஒவ்வொரு தாளும் ஒரு முழு ஆண் பூ, கிண்ணம் முழுவதும் ஒரு மஞ்சரி. சூரியகாந்தியும் இவ்வாறே பல பூக்களின் கூட்டம். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை போன்ற தோட்டப் பூக்களில் மகரந்தத்தாள்கள் இதழ்களாகிவிடுவதால் அவற்றை விவரிப்புக்குப் பயன்படுத்துவதில்லை.

தக்காளியின் கதை வேறு. கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியே திறக்கும். தக்காளியில் நீளவாக்கில் பிளக்கும். 1753இல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். மறு ஆண்டே மில்லர் தக்காளியைப் பிரித்தார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற அந்தப் பிரிவு மரபணு ஆய்வுகளால் 1990களில் கைவிடப்பட்டு, தக்காளி மீண்டும் கத்தரிப் பேரினத்துக்கே வந்தது.

இன்றைய நிலை

1998 முதல் பன்னாட்டுக் குழு ஒன்று மரபணு வரிசையைக் கொண்டு குடும்பங்களைத் திருத்தி அமைத்து வருகிறது. அதன்படி எருக்கு அரளிக் குடும்பத்திலும், தேக்கும் நொச்சியும் துளசிக் குடும்பத்திலும் சேர்க்கப்பட்டுள்ளன. படத்தைக் கொண்டு செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளும் வந்துள்ளன.