சோளிங்கர் மலையிலிருந்து 14416 வரை

நம்ம திருத்தணிப் பக்கத்தில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால், அந்தக் காலத்தில் முதலில் ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி இல்லை, சோளிங்கர்தான். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். தக்கான் குளத்தில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு 1305 படி ஏறி யோக நரசிம்மரைச் சேவிப்பார்கள். ஒரு மண்டலம் தங்கினால் சரியாகும் என்று நம்பிக்கை. இப்போது ரோப் கார் வந்துவிட்டது. அந்த வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 48 நாள் ஒரு நோயாளியோடு கூடவே தங்கி, வேளைக்குக் குளிக்கவைத்து, சாப்பிடவைத்து, படியேற்றிக் கூட்டிப்போக வீட்டில் ஒருத்தர் இருந்தார் என்பதே பெரிய விஷயம். மருந்து கொடுக்க ஆள் இல்லையே தவிர, துணைக்கு ஆள் இருந்தது.

இன்னொரு வழி ரயிலேறி, அரக்கோணம் தாண்டி, சென்னை போவது. 1794-லேயே வேலன்டைன் கொனோலி என்கிற கம்பெனி டாக்டர் அங்கே ஒரு காப்பகம் தொடங்கியிருந்தார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை வந்தது. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிச் சிரிக்காத சினிமா உண்டா? அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எத்தனையோ குடும்பங்கள் வாசலோடு திரும்பியிருக்கும். என் ஆபீசில் ஒருவர் மாதாமாதம் "வயிற்று வலி" என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேலூர் போவார். அது வயிற்று வலி இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த மருத்துவமனைக்கு 1961-ல் கண்காணிப்பாளராக வந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1978 வரை அங்கே இருந்தார். நம்மைப் போல் பென்ஷன் வாங்குகிற வயதில், 1984-ல், அவர் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவில்லை என்று சொல்கிற நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்!

1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் போன் செய்தால், பயிற்சி பெற்ற தொண்டர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். லண்டனில் 1953-ல் சாட் வாரா என்ற பாதிரியார் ஆரம்பித்த முறை இது. அங்கே யாரும் மருந்து எழுதித் தருவதில்லை, காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. நோயாளி ஊரை விட்டுக் கிளம்பாமல், முகம் காட்டாமல் பேசலாம் என்பது நம் பக்கத்துக்குப் புதிது.

2001 ஆகஸ்ட் 6-ஐ மறக்க முடியாது. ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல்தான் நிறைவேறியது.

இதற்கு நடுவில் 2010-ல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ் அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து திரையில் சென்னை டாக்டரோடு பேசுவார். மாத்திரையும் பஸ்ஸிலேயே கிடைக்கும். இன்று செல்போனில் நடக்கிற ஆன்லைன் ஆலோசனைக்கு நம் மாநிலத்தில் முன்னோடி என்று நான் இந்தப் பஸ்ஸைத்தான் சொல்வேன். 2020 மார்ச் 25-ல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் நெறிமுறைகள் வெளிவந்தன. அதன் பிறகு தடுக்கி விழுந்தால் ஆலோசகர் என்று ஆகிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். பஸ்ஸில் வந்த டாக்டர் யார் என்று ஸ்கார்ஃப் பார்த்துக்கொண்டது. போனில் வருகிறவர் யார் என்று நாம்தான் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதலாம். பதிவு எண்ணைச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் மருந்து தர மாட்டார், பேச்சின் மூலம் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். வெறுமனே 'கவுன்சலர்' என்று போட்டிருந்தால் என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கிறோமே!

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாஷை. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் அப்படியேதான் இருக்கின்றன. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு, பையன் வெளியூரிலிருந்து ஆன்லைனில் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தான். பேச வந்தவர் நன்றாகப் படித்தவர், இங்கிலீஷும் இந்தியும்தான் தெரியும். அந்த அம்மா இரண்டு தடவை "ஐ ஆம் ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். அழுகை வரும்போது எந்த பாஷை வாயில் வருகிறதோ, அந்த பாஷைக்காரர்தான் வேண்டும். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416-ஐ அழைத்தால் தமிழோ தெலுங்கோ தேர்ந்தெடுக்கலாம். காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.

அந்த எண்ணைத்தான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். பையன் வேலைக்காகத் திரும்பிப் போய்விட்டான், ஹாலில் மருமகளும் பேரப்பிள்ளைகளும். இப்போது சாயங்காலமானால் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், அரை மணி நேரம் தெலுங்கில் பேசிவிட்டு இறங்கி வருகிறார்.