மேற்கோளிலிருந்து தொடுப்பு வரை: தேடுபொறித் தரவரிசையின் வரலாறு

ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பின்வந்த எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன என்பதைத் தொகுத்துரைக்கும் மேற்கோள் அடைவினை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்மொழிந்தார். அவ்வடைவு நாளடைவில் ஆய்வின் மதிப்பை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகியோர் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை வலைப்பக்கங்களுக்கும் விரித்தனர். ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் தொடுப்பை மேற்கோளுக்கு நிகராகக் கொண்ட ‘பேஜ்ரேங்க்’ முறை, தொடுப்புகளின் எண்ணிக்கையோடு அவற்றைத் தரும் பக்கங்களின் தகுதியையும் கணக்கிட்டது.

அளவுகோல் வெளிப்பட்டதும் தொடுப்பு விலைப்பொருளாயிற்று. ஒன்றையொன்று சுட்டும் தொடுப்புப் பண்ணைகள் பெருகின. பிறர் வலைப்பூக்களின் பின்னூட்டங்களிலும் தொடுப்புகள் திணிக்கப்பட்டன. இதனைத் தடுக்க 2005இல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகியவை ‘நோஃபாலோ’ குறியீட்டை ஏற்றன. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்னும் மாற்றத்தின்வழிச் செயற்கைத் தொடுப்புகளை நம்பிய தளங்களைத் தரவரிசையில் தாழ்த்தியது.

தொடுப்பின் மதிப்பு, அதனைத் தருபவர் தாமே விரும்பித் தேர்வதைச் சார்ந்தது என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது. தமக்குள் மேற்கோள்களைப் பரிமாறி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் ஆய்வுலகப் போக்கும் இதனின் வேறன்று. எனவே மேற்கோளின் நம்பகத்தன்மையைக் காப்பது ஆய்வாளர்தம் கடமையாகும்.